கொடி தெரியாத கூட்டம்

நான் அரசியல் நிருபராக இருந்தேன் என்று சொன்னால் இப்போதும் சிலர் நிமிர்ந்து உட்காருகிறார்கள். சட்டசபை, அமைச்சர், பேட்டி என்று ஏதேதோ நினைத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்த அரசியல் பெரும்பாலும் தண்ணீர்ப் பந்தல் திறப்பு. சித்திரை பிறந்துவிட்டால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் வழியெல்லாம் பந்தல். பந்தலுக்கு நாலு தர்பூசணி, அதை வெட்ட ஒரு ஒன்றியச் செயலாளர். மோர் தீர்ந்துபோன பிறகும் அவர்கள் பேச்சு தீராது. நான் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு வெயிலில் நிற்பேன். எனக்கு மட்டும் யாரும் ஒரு துண்டு தர்பூசணி நீட்டியதில்லை. டிவிக்காரம்மா சாப்பிடமாட்டாங்க என்று அவர்களே முடிவு செய்துகொண்டிருந்தார்கள்.

2007-இல் அந்த உள்ளூர் சேனலில் சேர்ந்தேன். ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேலே மாடி அறை. ஒரு கேமரா, ஒரு கம்ப்யூட்டர், செய்தி வாசிக்கும்போது பின்னால் தொங்குவதற்கு ஒரு நீலத் துணி. காலையில் நிருபர், மதியம் கேமரா, சாயங்காலம் எடிட்டர், ஏழு மணிச் செய்தியில் வாசிப்பவர் எல்லாம் நானே. உரிமையாளர் அதற்கு முன்பு கேபிள் மட்டும் நடத்திக்கொண்டிருந்தவர். நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன். கெட்டவர் இல்லை. யாரையும் பகைத்துக்கொள்ளக் கூடாது என்பது மட்டுமே அவருடைய கொள்கை.

அரசாங்கம் வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. டிவி வந்த வீட்டுக்குக் கேபிள் வந்தது, கேபிள் வந்த வீட்டுக்கு நாங்கள் போனோம். வல்லத்தை ஒட்டிய எங்கள் தெருவிலும் ஏழு மணிக்கு என் குரல் கேட்கும். என் அம்மா செய்தியைக் கேட்டதே கிடையாது. நான் வீடு திரும்பியதும், "இன்னாடி, திங்கக்கெழம கட்ன பொடவையவே இன்னிக்கும் கட்டிகினு குந்தினுகீற?" என்பாள். அவள் கண்ணுக்கு அதுதான் செய்தி.

வேலையில் சேர்ந்த முதல் வாரமே அண்ணன் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்துவிட்டார். "மேடைய அஞ்சு செகண்டு காட்டு, கூட்டத்தப் பத்து செகண்டு காட்டு. பேசனவன் பேச்சு கேக்கலன்னா எவனும் ஃபோன் பண்ண மாட்டான். கூட்டம் தெரிலன்னா பத்து பேரு பண்ணுவான்" என்றார். அது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் எல்லாக் கூட்டத்துக்கும் கூட்டம் வருவதில்லையே. நாற்பது நாற்காலி போட்டுப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அதில் நாலு பேர் பந்தல்காரனின் ஆட்கள்.

அதற்காகத்தான் கம்ப்யூட்டரில் 'கூட்டம்' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தோம். நிஜமாகவே ஆள் திரளும் இடங்களில் மக்களை மட்டும் தனியாக நிறைய எடுத்து அதில் போட்டு வைப்பேன். தேர்தல் பிரச்சாரம், தேரோட்டம், கண் மருத்துவ முகாம், ரேஷன் கடை வரிசை எல்லாம் அதில் உண்டு. ஒரே நிபந்தனைதான், கொடி தெரியக் கூடாது. கொடி, பேனர், கரைவேட்டி எதுவும் ஃபிரேமுக்குள் வராமல் முகங்களாக எடுத்தால் அது நல்ல கூட்டம். அதை யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். எல்லாக் கட்சிக்கும் அதே ஃபோல்டரிலிருந்து எடுத்துப் போட்டோம். எங்கள் சேனலின் நடுநிலை அந்த அளவுக்கு இருந்தது.

இதில் மாட்டிக்கொண்டதும் உண்டு. கறுப்புக் குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து பார்க்கும் ஒரு வழுக்கைத் தலைக்காரர் ஒரே மாதத்தில் மூன்று கட்சிகளின் கூட்டத்தில் வந்துவிட்டார். ஒரு கட்சியின் நகரச் செயலாளர் ஃபோன் செய்து, "யாரும்மா அந்தாளு? நம்ம கூட்டத்துல குந்தினு வேவு பாக்கறானா?" என்று கேட்டார். அந்த மனிதர் தேரோட்டத்துக்கு வந்த ஏதோ ஒரு பக்தர். நானும் அண்ணனும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவரை ஃபோல்டரிலிருந்து எடுத்துவிட்டேன், ஃபோல்டரை விட்டுவிட்டேன். அதனால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்பதால், அதில் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டோம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. செய்தி வந்த மறுநாள் கட்சிக்காரர்கள் மாடியேறி வந்து சிடி கேட்பார்கள். தான் பேசியதைத் தலைமைக்குக் காட்ட ஒன்று, வீட்டில் வைத்துக்கொள்ள ஒன்று. எழுதிக் கொடுக்கும் சிடியின் மேல் மார்க்கர் பேனாவால் நிகழ்ச்சி, இடம், தேதி என்று மூன்று வரி எழுதுவேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். உள்ளே இருக்கும் கூட்டம் எந்த ஊர், எந்தத் தேதி என்று எந்தச் சிடியிலும் எழுதியதில்லை.

2010-இன் தொடக்கத்தில் ஒரகடம் பக்கம் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் சங்கம் தொடங்கப் பார்த்தார்கள். வெளியிலிருந்து ஒரு தலைவர் கேட் எதிரே பேச வருகிறார் என்று தகவல் வந்தது. காலை ஷிப்ட் முடிந்து வெளியே வருகிற நேரமாகப் பார்த்து ஒரு மினி வேனின் மேல் ஏறி நின்று பேசினார். நன்றாகவே பேசினார். தொழிலாளர்கள் வேனுக்குப் பக்கத்தில் போகவில்லை. சாலைக்கு இந்தப் பக்கம் டீக்கடை ஓரமாக, முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் போல நின்று கேட்டார்கள். கேமராவைத் தூக்கியதும் எல்லோரும் முதுகைக் காட்டினார்கள். ஒருவர் மட்டும் கிட்டே வந்து, "மேடம், மூஞ்ச எடுத்துடாதீங்க. உள்ள எச்ஆர் ரூம்ல டிவி வெச்சி உங்க நியூஸத்தான் பாக்கறாங்க" என்றார்.

எங்கள் செய்தியை உட்கார்ந்து பார்க்கக்கூட ஆள் இருக்கிறதா என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. இருந்தாலும் அவர் கண்ணில் பயம் தெரிந்தது. சத்தியமாக ஒரு முகத்தைக்கூட எடுக்கவில்லை. தலைவரை எடுத்தேன், வேனை எடுத்தேன், முதுகுகளை எடுத்தேன்.

மாலை எடிட் செய்யும்போது பார்த்தால் செய்தி மொட்டையாக இருந்தது. அண்ணன் பின்னால் வந்து நின்று, "இன்னாம்மா, ஆளே இல்லாத மாரி கீது" என்றார். நான் 'கூட்டம்' ஃபோல்டரைத் திறந்தேன். கண்டகண்ட முகத்தைப் போட்டால் பொருந்தாதே என்று தேடித்தேடி ஒன்றைப் பிடித்தேன். ஒன்பது விநாடி. சாம்பல் சட்டை, நீலக் காலர் போட்ட ஐந்து இளைஞர்கள் அண்ணாந்து எதையோ பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அது போன வருடத் தேர்தலின்போது எடுத்தது. ஒரு சினிமாக்காரர் திறந்த வேனில் பிரச்சாரத்துக்கு வந்த மாலையில், கம்பெனி பஸ்ஸிலிருந்து அப்போதுதான் இறங்கியவர்கள் பேருந்து நிலையத்தில் நின்று வேடிக்கை பார்த்த காட்சி. கொடி இல்லை, பேனர் இல்லை. கேட்டில் நான் பார்த்த அதே சட்டை. எவ்வளவு கச்சிதம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். முகம் மறைத்தவர்களையும் காப்பாற்றிவிட்டேன், கூட்டத்தையும் காட்டிவிட்டேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். சட்டை பொருந்துகிறதா என்று பார்த்தேனே தவிர, சட்டைக்குள் ஒரு ஆள் இருக்கிறான் என்று பார்க்கவில்லை.

நாலாம் நாள் ஒரு பையன் மாடியேறி வந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும், மெலிந்த உடம்பு. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். அந்த ஐந்து முகங்களில் இடது ஓரத்தில் இருந்த முகம்.

"யக்கா, நான் அங்க போவவே இல்லக்கா" என்றுதான் ஆரம்பித்தான்.

தென்காசிப் பக்கத்து ஊர். ஒரகடத்தில் ஒரு அறையில் எட்டுப் பேரோடு தங்கியிருந்தான். டிரெய்னியாகச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகப்போகிறது. அந்த மாதக் கடைசியில் அவனை நிரந்தரமாக்கும் கடிதம் வரவேண்டும். கேட்டில் கூட்டம் நடந்த அன்று காய்ச்சல் என்று லீவு போட்டு அறையில் படுத்திருந்தான். கூட இருந்தவர்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். மறுநாள் எச்ஆரில் கூப்பிட்டு, பதிவு செய்து வைத்திருந்த எங்கள் செய்தியைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

"காய்ச்சல்னு லீவு போட்டுட்டு யூனியன் மீட்டிங்ல நிக்கியான்னு கேக்காங்க. டிவில இருக்கது நான்தானே, இல்லன்னு எப்படிக்கா சொல்ல? அது பஸ் ஸ்டாண்டுல நடிகர பாத்தப்ப எடுத்ததுன்னு சொன்னா சிரிக்காங்க. மத்த நாலு பேருல ரெண்டு பேரு அன்னிக்கு டூட்டியில பஞ்ச் பண்ணியிருக்காங்க, லீவுன்னு பொய் சொல்லலன்னு அவங்கள விட்டுட்டாங்க. ரெண்டு பேரு வேலைய விட்டே போயிட்டாங்க. நான்தான் மாட்டிக்கிட்டேன்."

டூட்டியில் இருந்தவர்களே டிவியில் கேட்டில் நிற்கிறார்கள் என்றால் படம் பழையது என்று தெரியவேண்டாமா என்று எனக்குக் கோபம் வந்தது. டீ பிரேக்கில் வெளியே போயிருப்பார்கள் என்று அதற்கும் பதில் வைத்திருந்தார்களாம். சந்தேகப்பட முடிவு செய்துவிட்டவர்களுக்குக் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை.

அவன் கேட்டது ஒன்றுதான். அந்தக் காட்சி பழையது என்று சேனலின் லெட்டர்பேடில் ஒரு கடிதம். வெட்கம் என்று சொன்னால் போதாது, பயமாகவும் இருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

அவன் போனதும் அண்ணனிடம் சொன்னேன். அவர் மேஜை டிராயரைத் திறந்தார், மூடினார். பிறகு, "பையன் பாவம்தான். ஆனா லெட்டர் குடுத்தா அது கம்பெனியோட நிக்குமா? ஊர் பூரா சுத்தும். நாளைக்கு ஒவ்வொரு கட்சிக்காரனும் வந்து என் மீட்டிங்ல போட்டது எவன் கூட்டம்னு கேப்பான். அடுத்த வருஷம் எலெக்ஷன் வருது. நம்ம தலைல நாமளே மண்ண வாரிப் போட்டுக்கறதா?" என்றார். லெட்டர்பேடும் ரப்பர் ஸ்டாம்பும் அவருடைய மேஜை டிராயரில் இருந்தன. டிராயரைப் பூட்டவில்லை. திருடி எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஆதாரம் தேடினேன். அந்தப் பிரச்சாரத்தை எடுத்த டேப்பின் மேல் அதற்குப் பிறகு பத்து நிகழ்ச்சி எடுத்தாகிவிட்டது. கம்ப்யூட்டர் ஒருமுறை படுத்து எழுந்ததில் எல்லா ஃபைலுக்கும் ஒரே தேதி விழுந்திருந்தது. கொடி இருந்தால் தேர்தல் கூட்டம் என்று ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். கொடி வராமல் எடுக்கத்தான் நான் அவ்வளவு பாடுபட்டிருந்தேன். எங்கே, என்றைக்கு எடுத்தேன் என்பது என் பழைய டைரியில் மட்டும் இருந்தது.

செய்தியை எழுதுவதும் வாசிப்பதும் நான்தானே என்று அதற்கடுத்த நாள் ஒரு காரியம் செய்தேன். பள்ளி ஆண்டு விழாச் செய்திக்குப் பிறகு இரண்டு வாக்கியம் சேர்த்து வாசித்தேன். ஒரகடம் கேட் கூட்டச் செய்தியில் காட்டிய தொழிலாளர்களின் காட்சி அன்று எடுத்தது அல்ல, கடந்த ஆண்டு பேருந்து நிலையத்தில் எடுத்தது, தவறுக்கு வருந்துகிறோம். அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தவர் எச்சில் கையோடு ஃபோன் செய்தார். அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. மறு ஒளிபரப்பில் அந்த இரண்டு வாக்கியத்தை என்னைக்கொண்டே வெட்டவைத்தார். பத்து நாள் என்னை வாசிக்க விடாமல் தானே உட்கார்ந்து வாசித்தார்.

மறுநாள் டைரியையும் எடுத்துக்கொண்டு அந்தக் கம்பெனிக்கே போனேன். எச்ஆர் அதிகாரி மரியாதையான மனிதர். டீ வரவழைத்தார். அறையின் மூலையில் நிஜமாகவே டிவி இருந்தது. சத்தமில்லாமல் எங்கள் சேனல் ஓடிக்கொண்டிருந்தது.

"தினமும் பாக்கறேன் மேடம். நல்லா வாசிக்கறீங்க. நேத்து சொன்னதையும் கேட்டேன்" என்றார்.

"அப்ப அந்தப் பையன் மேல தப்பில்லைன்னு தெரிஞ்சிருக்குமே சார்."

"திங்கக்கிழமை நீங்க காட்டினது பொய்னு சொல்றீங்க."

"அந்த ஒன்பது செகண்ட் மட்டும்தான் சார். தலைவர் பேசினது, கேட்ல ஆள் நின்னது எல்லாம் உண்மை."

"எது உண்மை, எது பொய்னு நீங்க சொன்னாத்தான் எங்களுக்குத் தெரியும், இல்லையா?"

"ஆமா சார்."

"திங்கக்கிழமையும் நீங்கதான் சொன்னீங்க. நேத்தும் நீங்கதான் சொன்னீங்க. ரெண்டையும் ஒரே மாதிரிதான் வாசிச்சீங்க. நான் எதை ஃபைல்ல வெக்கறது, சொல்லுங்க."

டைரியைத் திறந்து காட்டினேன். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "அழகா எழுதறீங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அவருக்கு உண்மை தெரிந்திருந்தது என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். எத்தனையோ பேரிடம் மைக்கை நீட்டிக் கேள்வி கேட்டவள், அந்த டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

மாதக் கடைசியில் பையனுக்கு இரண்டு வரிக் கடிதம் வந்தது. பயிற்சிக் காலம் முடிந்தது, நன்றி. சங்கம், கூட்டம், டிவி எதுவும் அதில் இல்லை.

அதற்குப் பிறகு அந்த ஃபோல்டரை அழித்தேன். அண்ணனோடு பெரிய சண்டை. ஆனால் எடிட் செய்ய வேறு ஆள் இல்லாததால் அவர் என்னைப் பொறுத்துக்கொண்டார். 2014-இல் அங்கிருந்து விலகும் வரைக்கும் பன்னிரண்டு பேர் வந்தால் பன்னிரண்டு பேரைத்தான் காட்டினேன். கட்சிக்காரர்கள் என்னை விலைபோனவள் என்றார்கள், ஒவ்வொருவரும் எதிர்க்கட்சிக்கு விலைபோனதாக. சிடி கேட்டு வருவது குறைந்தது. இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. ஒருவனுடைய வேலை போன பிறகு வந்த யோக்கியதை அது.

ஃபோல்டரை அழிப்பதற்கு முந்தின நாள் அந்தப் பையன் வந்தான். கட்டம்போட்ட சட்டை, தோளில் ஒரு பை, சாயங்காலம் ஊருக்குப் பஸ். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "டிவில உண்மைய சொன்னீங்கன்னு ரூம்ல சொன்னாங்க. நான் பாக்கல. தேங்க்ஸ்க்கா" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் சங்கடப்பட்டுச் சுவரில் தொங்கிய நீலத் துணியைப் பார்த்தான்.

பிறகு, "யக்கா, அந்த வீடியோ துண்டு இன்னும் இருக்கா? ஒரு சிடில போட்டுத் தருவீங்களா?" என்றான்.

ஏதாவது கோர்ட்டுக்குப் போகப்போகிறானோ என்று நினைத்தேன். எதற்கு என்று கேட்டேன்.

"உள்ள செல்போன் கொண்டுபோக விடமாட்டாங்கக்கா. யூனிஃபார்மோட ஒரு போட்டோகூட எடுக்கல. கன்ஃபர்ம் ஆனப்புறம் ஸ்டுடியோவுல போயி எடுத்துக்கிடலாம்னு வச்சிருந்தேன். இப்ப சட்டையெல்லாம் கேட்லயே வாங்கிட்டாங்க. நான் கம்பெனி சட்டை போட்டுருக்கத எங்க அம்மைக்குக் காட்டணும்."

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். என் குரலை எடுத்துவிட்டேன். அந்த ஒன்பது விநாடியை மட்டும் ஏழெட்டுத் தடவை திரும்பத் திரும்ப வருகிற மாதிரி ஒட்டினேன். அவன் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தான். திரையில் அவன் வாயைக் கொஞ்சம் திறந்தபடி அண்ணாந்து சிரித்துக்கொண்டிருந்தான். சிடி எழுதி முடிந்து வெளியே வந்தது. மார்க்கரை எடுத்து, டைரியைப் பார்த்து, இடம்: ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையம் என்று எழுதினேன். தேதியையும் டைரியில் இருந்தபடியே எழுதினேன். நிகழ்ச்சி என்கிற இடத்தில் கை நின்றது. என்ன எழுதட்டும் என்று அவனையே கேட்டேன்.

அவன் கொஞ்சம் யோசித்தான். "ஷிப்ட் முடிஞ்சு வரும்போதுன்னு எழுதுங்கக்கா" என்றான்.